தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் நாய்க்குட்டியைச் சிறுத்தையிடமிருந்து காப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு மாத நாய்க்குட்டி இருக்கிறது. போன வருஷம் இதே தெருவில் இரண்டு நாய்களைச் சிறுத்தை தூக்கிப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். முற்றத்தில் கூண்டு செய்து இரவில் அதில் விடலாமா, நாய் வளர்ந்துவிட்டால் பயமில்லையா, சிறுத்தையைத் தவிர வேறு எதற்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்வதிலிருந்து நன்றாக விடியும் வரை உங்கள் குட்டி வீட்டுக்குள், கதவு சாத்திய அறையில் இருக்க வேண்டும். நாய் வளர்ந்த பிறகும் இதை மாற்ற வேண்டாம். மலையில் நாய் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் குட்டியாக இருக்கும்போது மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, ஆறு மாதம் ஆனதும் ‘இனி காவலுக்கு ஆச்சு’ என்று வாசலில் கட்டிவிடுகிறார்கள். சிறுத்தை தூக்கும் நாய்களில் பெரும்பகுதி இப்படி வாசலில் கட்டியவையும் தெருவில் திரிபவையும்தான்.

சிறுத்தை வழிதவறி ஊருக்குள் வந்துவிட்டது என்று செய்திகளில் எழுதுவார்கள். நீலகிரியில் பெரும்பாலும் அது வழிதவறி வருவதில்லை. சோலைக்காடு, தேயிலை, ஓடை, உண்ணிச்செடிப் புதர், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், டவுன் எல்லாம் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தேயிலைச் செடி இடுப்பளவுதான். ஆனால் மேலே பச்சை தட்டையாக மூடியிருக்க, கீழே தண்டுகளுக்கு நடுவில் ஒரு சிறுத்தை யார் கண்ணிலும் படாமல் பகல் முழுக்கப் படுத்துக் கிடக்க முடியும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் சில சமயம் செடிக்கடியில் சிறுத்தைக் குட்டிகளைப் பார்ப்பது இதனால்தான். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிற அந்த அழகான பச்சைச் சரிவு அதற்கு ஒரு நல்ல நடைபாதை. கேமராவில் பதிவாகி ஊரெல்லாம் பரவுகிற கருஞ்சிறுத்தையும் இதே விலங்குதான். நிறம் மட்டும் வேறு, பழக்கம் ஒன்றே.

நாய் மீது அதற்கு ஏன் இத்தனை நாட்டம்? மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் அகோலே என்ற பகுதி இருக்கிறது. கரும்பு விளைகிற வயல்வெளி. அங்கே வாழும் சிறுத்தைகளின் மலத்தைச் சேகரித்து ஆராய்ந்து, முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். அவை தின்றதில், எடைக் கணக்கில் பார்த்தால், 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டுமே 39 சதவீதம். ஆடு 11 சதவீதம்தான். அந்தப் பகுதியில் நாயைவிட ஆடுகளே மிக அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்டை இரவில் கொட்டகையில் அடைக்கிறார்கள், நாயை வெளியே விட்டுவிடுகிறார்கள். நம் ஊரிலும் நிலைமை அப்படித்தான். ஆட்டுக்குக் கொடுக்கிற பாதுகாப்பைக்கூட நாய்க்கு நாம் கொடுப்பதில்லை.

வளர்ந்த நாய் தன்னைக் காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பெண் சிறுத்தை 30 கிலோ சுமாருக்கு இருக்கும். ஆண் 50 முதல் 70 கிலோ வரை போகும். 30 கிலோ லேப்ரடாரோ, வாட்டசாட்டமான ராஜபாளையமோ அதற்கு ஈடு கிடையாது. சிறுத்தை எதிரே நின்று சண்டை போடுவதில்லை, பதுங்கி வந்து பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ கழுத்தைக் கவ்வும். குரைக்கக்கூட நேரம் இருக்காது. காலையில் எழுந்து பார்த்தால் அறுந்த சங்கிலியும் தரையில் இழுத்த தடமும் மட்டும் கிடந்தன என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இமயமலைப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் தங்கள் காவல் நாய்களுக்குக் கூர்முனை வைத்த இரும்புக் கழுத்துப்பட்டை போடுவது இதற்காகத்தான். உடல் பெருத்த, மயிர் அடர்ந்த மலைநாய்களுக்கே அது தேவைப்படுகிறது. நாமும் அப்படி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மந்தையோடு இரவு முழுக்க வெளியே இருந்தாக வேண்டிய நாய்க்கு அது ஒரு கூடுதல் வாய்ப்பைத் தருகிறது. வீட்டுக்குள் தூங்கக்கூடிய உங்கள் நாய்க்கு அது தேவையே இல்லை. இரண்டு மாதக் குட்டியின் கழுத்து அந்த எடையைத் தாங்கவும் செய்யாது.

சங்கிலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டாத நாய்க்கு ஓடி ஒளிய ஒரு வாய்ப்பாவது உண்டு. கட்டிய நாய்க்கு அதுவும் இல்லை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கட்டினால் சிறுத்தைக்கு அது தெரிந்துவிடும். ஒரு வீட்டில் நாய் போன பிறகு அதே கொக்கியில் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் அது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, குட்டியை உள்ளே வைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். உடனே வரும் தலைவலி, இரவில் ஒன்றுக்கு இரண்டுக்குப் போக வேண்டுமே என்பதுதான். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. நாலு மாதம் ஆனால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தாங்கும். அதனால் இரவு இரண்டு மணிக்கு அது முனகும், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து விடுவீர்கள், குட்டி இருட்டில் செடி ஓரம் போகும், நீங்கள் வாசற்படியிலேயே நிற்பீர்கள். சிறுத்தை குட்டியைத் தூக்கிப் போக இந்த ஒரு நிமிடம் போதும். இதைத் தவிர்ப்பதற்குத்தான் நீங்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிக அக்கறை எடுக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தை முன்னே நகர்த்துங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பீர்கள். கடைசி வேளையை மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கால் மணி, அரை மணியில் குட்டிக்கு வெளிக்கு வரும். வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப் போய் முடித்துவிடலாம். தண்ணீரைப் பிடுங்கி வைக்க வேண்டாம், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்தால் போதும்.

இரவுக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் பழக்குங்கள். குளியலறையில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் பழைய செய்தித்தாள் நாலைந்து மடிப்பு. முதல் முறை நனைந்த தாளில் ஒரு துண்டைப் புதிய தாளுக்கு அடியில் வைத்தால், அந்த வாசத்துக்கு மறுபடி அங்கேயே வரும். தோட்டத்திலிருந்து புல்லோடு பெயர்த்த மண்கட்டியைத் தட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் பழகும். பிறகு வெளியே புல்லில் போகவும் அதுவே பழக்கமாகிவிடும். முனகும்போது தூக்கிக் கொண்டுபோய்த் தட்டில் விடுங்கள், போனதும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் படுக்க வையுங்கள். வேறிடத்தில் போய்விட்டால் திட்டாமல் துடைத்துவிடுங்கள். திட்டினால் உங்களுக்குத் தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் போகத்தான் அது கற்றுக்கொள்ளும். வீட்டுக்குள் பழக்கினால் பிறகு மாறாது என்று பயமுறுத்துவார்கள். ஐந்தாறு மாதத்தில் இரவு முழுக்க அடக்கும் பலம் வந்ததும் தட்டை எடுத்துவிடலாம். சில குட்டிகளுக்குக் கொஞ்சம் கூட நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

வயிற்றுப்போக்கு மாதிரி ஏதாவது வந்து இருட்டில் வெளியே போயே ஆக வேண்டுமென்றால், இப்படிச் செய்யுங்கள். கதவைத் திறக்கும் முன் வெளிவிளக்கைப் போடுங்கள். ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் பாருங்கள். டார்ச் எடுத்து மதில் மேல், செடி ஓரம், மாடிப்படிக்கு அடியில், கார் நின்றால் அதன் கீழ் எல்லாம் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் கண்கள் பளிச்சென்று தெரியும். சத்தமாகப் பேசிக்கொண்டே வெளியே வாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, குட்டையான கயிற்றில் உங்கள் கால் பக்கத்திலேயே இறக்குங்கள். வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு அப்பால் போக விடாதீர்கள். பக்கத்தில் வேறு நாய்கள் விடாமல் ஒரே திசையில் குரைத்துக்கொண்டிருந்தாலோ, வழக்கமாகக் குரைக்கும் தெருநாய்கள் திடீரென்று அடங்கிப் போயிருந்தாலோ, அன்றைக்குக் கதவையே திறக்காதீர்கள். தரை அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம்.

கூண்டு விஷயத்துக்கு வருவோம். கடைகளில் கிடைக்கிற நாய்க்கூண்டு பெரும்பாலும் நாய் வெளியே போகாமல் இருப்பதற்காகச் செய்தது. வெளியிலிருந்து 60 கிலோ விலங்கு உள்ளே வர முயன்றால் என்ன ஆகும் என்று யோசித்துச் செய்ததல்ல. தகர டப்பா மாதிரியான கூண்டை அது உருட்டிவிடும். வலைக்கம்பியின் இடைவெளி பெரிதாக இருந்தால் காலை உள்ளே விட்டு நகத்தால் இழுக்கும், கதவைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கங்களை எல்லாம் வலுவாகச் செய்துவிட்டு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு நாலு கல் வைப்பவர்களும் உண்டு. சிறுத்தை கூரை ஏறிப் பழகிய விலங்கு. ஆறடி மதிலை ஒரே தாவலில் தாண்டும்.

உள்ளே வைக்கவே வழியில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூண்டு வீட்டுச் சுவரை ஒட்டி, நீங்கள் தூங்கும் அறை ஜன்னலுக்கு அடியில் இருக்கட்டும். தரை கான்கிரீட். சட்டம் இரும்பு ஆங்கிளில், தரையில் பதித்ததாக. சுற்றிலும் கெட்டியான வெல்டு மெஷ், ஓட்டை ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முடிந்தால் அரையடி இடைவெளி விட்டு இரண்டடுக்கு. வெளி வலையில் கால் நுழைந்தாலும் உள் வலையைத் தாண்டி நாயைத் தொட முடியாது. மேற்பக்கமும் அதே மெஷ்ஷை வெல்டு செய்து, அதற்கு மேல் மழைக்கு ஷீட். கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள், இரண்டும் கொண்டியில் நுழைந்து பூட்டுகிற வகை. வெறும் கொக்கி போதாது. உள்ளே பலகையால் செய்த பெட்டி ஒன்று, நாய் சுருண்டு படுக்கிற அளவுக்கு. வெளியே எதுவும் சுற்றினால் கம்பியோடு ஒட்டி நிற்காமல் அது அதற்குள் போய்க்கொள்ளும். இவ்வளவும் வளர்ந்த நாய்க்குத்தான். குட்டிக்கு இதுவும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் இந்த மலையில் உறைபனி விழுகிற இரவுகள் உண்டு. இரண்டு மாதக் குட்டி அந்தக் குளிரையே தாங்காது. சிறுத்தை பக்கத்தில் வந்து உரசிவிட்டுப் போனாலே பயத்தில் அது பல நாள் சாப்பிடாமல் கிடக்கும்.

லைன் வீட்டில் ஒரே அறையும் சமையல் இடமும் வைத்துக்கொண்டு நாய் வளர்ப்பவர்களுக்கு ‘உள்ளே வை’ என்று சொல்வது சுலபம், செய்வது சிரமம் என்று தெரியும். சமையல் இடத்து மூலையில் ஒரு மரப்பெட்டி, சாக்கு, பழைய கம்பளி. அது போதும். குட்டிக்கு வேண்டியது நான்கு சுவரும் சாத்திய கதவும்தான், தனி அறை வேண்டியதில்லை.

சாத்திய கதவு என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 நவம்பரில், தீபாவளி சமயத்தில், குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்தி வந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் காயமடைந்தார்கள். ஒரு நாளுக்கு மேல் உள்ளேயே இருந்துவிட்டுத் தானாகத்தான் அது வெளியேறியது. பயந்த நாய் எங்கே ஓடும்? எஜமானிடம்தான் ஓடும். கதவு திறந்திருந்தால் பின்னாலேயே சிறுத்தையும் வரும். நாய் போய்வரக் கதவில் சின்னத் திறப்பு வைப்பது, காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து வைப்பது, இரண்டும் இந்த ஊருக்கு ஆகாது. வராந்தாவுக்குக் கிரில் இருந்தால் அது தரையிலிருந்து கூரை வரை முழுதாக இருக்கிறதா, கம்பிகளுக்கு நடுவே உங்கள் தலை நுழைகிறதா என்று பாருங்கள். உங்கள் தலை நுழையும் இடத்தில் சிறுத்தையும் நுழையலாம் என்று வைத்துக்கொண்டு மெஷ் அடித்துவிடுங்கள்.

வீட்டைச் சுற்றிச் செய்ய வேண்டியவையும் கொஞ்சம் இருக்கின்றன. சுவரிலிருந்து முப்பதடி தூரத்துக்காவது புதர் இல்லாமல் வெட்டி வையுங்கள். உண்ணிச்செடியை விட்டால் ஒரு மழைக்குள் மூடிவிடும். கறி, மீன் கழிவை வேலிக்கு அந்தப்பக்கம் வீசாதீர்கள். அதற்குத் தெருநாய் வரும், பன்றி வரும், இரண்டையும் தேடிச் சிறுத்தை வரும். நாய்ச்சோற்றுத் தட்டை இரவில் வெளியே விடாதீர்கள், கரடிக்கும் அது விருந்து. கோழி வளர்த்தால் கூட்டை நன்றாக மூடுங்கள். ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் விளக்கு போடலாம். அது நீங்கள் பார்ப்பதற்கு உதவும், சிறுத்தையை விரட்டும் என்று நம்பாதீர்கள். டவுன் தெருவிளக்குக்குக் கீழேயே நடந்து போகிற சிறுத்தைகள் இவை. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய உள்ளாட்சியிடம் தெருவே சேர்ந்து மனுக் கொடுப்பது எல்லாவற்றையும்விட நீண்டகாலப் பலன் தரும். தெருவில் நாய்க்கூட்டம் பெருகப் பெருக, சிறுத்தை வந்துபோகும் பழக்கமும் பெருகும்.

பகலில் குட்டி தாராளமாக வெளியே விளையாடலாம், நீங்கள் கூடவே இருந்தால். நடக்கக் கூட்டிப் போவது காலை எட்டு மணிக்கு மேல், மாலை ஐந்துக்குள். பனிமூட்டம் இறங்கிய பகலை இரவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆறடிக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம், வளைவில் குட்டி உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். தேயிலைக்கு நடுவிலான ஒற்றையடிப் பாதையைவிட வண்டி போகும் தோட்ட ரோடு நல்லது.

சிறுத்தையை நேரில் பார்த்துவிட்டால் குட்டியைத் தூக்கிக்கொள்ளுங்கள். ஓடாதீர்கள், குனியாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். அதைப் பார்த்தபடியே, உரக்கப் பேசிக்கொண்டு, மெல்லப் பின்னால் நகருங்கள். மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போவதுதான் அதன் இயல்பு. வழியை மட்டும் அடைக்காதீர்கள். தேயிலைக்குள் அதன் குட்டிகளைக் கண்டால் தொடாமல், படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் நாயை அது கவ்விவிட்டால், இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, கிட்டே போய்ப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளேயிருந்தே கத்துங்கள், பாத்திரத்தைத் தட்டுங்கள், விளக்கெல்லாம் போடுங்கள். சில சமயம் விட்டுவிட்டு ஓடும்.

கரடி, காட்டுமாடு விஷயத்தில் ஆபத்து வேறு மாதிரி. அவை நாயைத் தின்ன வருவதில்லை. ஆனால் கயிறில்லாத நாய் குரைத்துக்கொண்டே போய் அவற்றைச் சீண்டும், அவை திருப்பித் துரத்தும், நாய் நேராக உங்கள் காலடிக்கு ஓடி வரும். கூப்பிட்டால் வருகிற பழக்கத்தை இந்த வயதிலேயே தொடங்குங்கள். முள்ளம்பன்றியை மோப்பம் பிடிக்கப் போய் முகமெல்லாம் முள் தைத்து வருவதும் இங்கே சகஜம். முள்ளை நீங்களே பிடுங்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், பாதி ஒடிந்து உள்ளே தங்கிவிடும்.

கழுகு தூக்குமா என்றும் பயம் இருக்கும். பெரிய மலைக்கழுகு ஒன்று கோழி, முயல் அளவுள்ள உயிரைப் பிடிக்கக்கூடியது. அதனால் இரண்டு கிலோவுக்கு உள்ளே இருக்கும் குட்டியைத் திறந்த வெளியில் தனியாக விடாதீர்கள். நீங்கள் பக்கத்தில் நின்றாலே அது இறங்காது. சில மாதத்தில் இந்தக் கவலை தானாகப் போய்விடும். மலைப்பாம்பு இந்த உயரத்தில் பிரச்சினை இல்லை. கூடலூர், பந்தலூர், மேட்டுப்பாளையம் சரிவுப் பக்கம் இருப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விஷப்பாம்பு கடித்தால் கீறுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். குட்டியை அசையாமல் தூக்கிக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், பாம்பை அடையாளம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஆனது. மலையில் இருக்கும் குழிவிரியன் வகைகளுக்கு அது கேட்காது. அதனால் விறகு அடுக்கு, கல்குவியல், தேயிலை அடித்தண்டு இங்கெல்லாம் குட்டியை மூக்கு நுழைக்க விடாமல் இருப்பதுதான் வழி.

தடுப்பூசியை இந்தக் கேள்வியில் நீங்கள் சேர்க்கவில்லை, ஆனால் நான் சேர்க்கிறேன். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களும் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும் வரை, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இது காட்டுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. 2018-இல் குஜராத் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அவற்றில் டிஸ்டெம்பர் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நாய்களிடம் சாதாரணமாகக் காணும் கிருமி அது.

கூண்டு வைத்து அந்தச் சிறுத்தையைப் பிடித்துப் போகச் சொல்லலாமே என்று பக்கத்து வீட்டில் சொல்லக்கூடும். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் 2001 தொடங்கி அப்படித்தான் செய்தார்கள். ஏராளமான சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதன் பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல் குறையாமல் பல மடங்கு கூடியது. தெரியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு மிரண்டு அலைகிறது, காலியான எல்லைக்கு வேறு சிறுத்தை வந்துவிடுகிறது. 2011-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும், பார்த்த உடனே பிடித்து இடம் மாற்றுவது தீர்வாகாது என்றுதான் சொல்கிறது. உங்கள் தெருச் சிறுத்தைக்கு எந்தப் பாதையில் மனிதர் நடப்பார், எப்போது ஒதுங்க வேண்டும் என்று தெரியும். புதிதாக வருவதற்கு அது தெரியாது.

நாயை இழந்த ஆத்திரத்தில் சிலர் மிச்சமிருக்கும் உடலில் விஷம் தடவிவிடுகிறார்கள், சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அணைக்குப் பக்கத்தில் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தது மாட்டுச் சடலத்தில் வைத்த விஷத்தால்தான். சிறுத்தை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. பன்றிக்கு வைக்கிற சுருக்கில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் யாராவது வளர்க்கிற நாய் என்பதையும் தெருவில் சொல்லி வையுங்கள். சிறுத்தை அடிக்கடி தெருவுக்கு வந்தால் வனச்சரக அலுவலகத்தில் தெரிவியுங்கள், எழுத்திலும் கொடுங்கள். அவர்கள் கேமரா வைத்துக் கண்காணிப்பார்கள். குட்டியோடு இருக்கும் தாயா, காயம்பட்டதா என்பது அதில்தான் தெரியவரும்.

எல்லாம் மீறி ஒருநாள் குட்டி கடிபட்டுத் தப்பி வந்தால், வெளியே தெரிகிற காயத்தின் அளவை நம்பாதீர்கள். சிறுத்தையின் கோரைப்பல் போட்ட ஓட்டை தோலில் சின்னதாகத்தான் இருக்கும், உள்ளே தசை கிழிந்து, மூச்சுக்குழாய் வரை போயிருக்கலாம். சுத்தமான துணியால் லேசாக அழுத்தி, கழுத்தை வளைக்காமல் ஒரு பலகையிலோ அகலத் துண்டிலோ கிடத்தி, அந்த இரவே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதற்காக இப்போதே பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் இரண்டு பேரின் எண்ணை எழுதி வையுங்கள், இரவில் வருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1962 என்பது அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் எண், அதையும் சேர்த்து எழுதுங்கள். தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிக்குப் பிறகு வெறிநோய் ஊசியை மறுபடி போட வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேட்காமல் திரும்பாதீர்கள். காயத்தைத் தொட்ட உங்கள் கையையும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். கையில் கீறல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உங்களுக்கும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.